மாடிக்கு மேலே நிற்கும் குழாயின் கதை

கோபிசெட்டிபாளையத்தில் மாடியில் புதிதாக ஒரு பாத்ரூம் கட்டுபவர்கள் டைல்ஸ் பற்றி யோசிக்கும் அளவுக்கு வென்ட் பைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் அந்தக் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு!

அந்தக் காலத்தில் கழிப்பறை பொடக்காளியின் கோடியில் இருந்தது. எடுப்புக் கக்கூஸ். அதை அள்ளும் வேலையைச் சாதி சில மனிதர்களின் தலையில் சுமத்தியது. அதற்கு எதிரான மத்திய சட்டம் 1993-ல்தான் வந்தது.

கழிப்பறை வீட்டுக்குள் வந்தால் நாற்றமும் கூடவே வருமே? 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 'எஸ்' வடிவக் குழாய்க்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். வளைவில் தேங்கும் தண்ணீர் வாயுவைத் தடுத்துவிடும். ஆனால் கழிவுநீர் வேகமாக இறங்கும்போது அந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போனது. குழாய்க்குள் காற்று வர வழிவிட்டதும் அது நின்றது. அதுதான் வென்ட் பைப்.

இன்று அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோகலாம், அல்லது ஏற்கெனவே உள்ள வென்ட் பைப்பில் சேர்க்கலாம். காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வும் உண்டு. ஆனால் அது வாயுவை வெளியேற்றாது. எனவே செப்டிக் டேங்குக்குத் தனிக் குழாய் வேண்டும். கொசு வராமல் அதன் வாயில் வலை கட்ட வேண்டும்.

குழாய் இருக்கிறதே என்று டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது. உள்ளே விஷவாயு தங்கியிருக்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. வீட்டுக்காரரை நாற்றத்திலிருந்து காப்பாற்றிய குழாய், டேங்கில் இறங்குபவரை இன்னும் காப்பாற்றவில்லை.