ஆற்றங்கரைக் குடியிருப்பும் நதிப் பாதுகாப்பும்: தேம்ஸ் முதல் மகாவலி வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆற்றை அண்டி மக்கள் குடியேறியமை நாகரிகத்தின் தொடக்கம் என வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயின் அக்குடியேற்றம் பெரும்பாலும் ஆற்றின் விளிம்புவரை சென்றதில்லை. உழவரும் ஓடக்காரரும் ஆற்றின் இயல்பை அறிந்தவராதலின் மேட்டில் வீடமைத்து, தாழ்நிலத்தை வயலுக்கும் மேய்ச்சலுக்கும் விட்டனர். வெள்ளம் தங்கிச் செல்லும் இடமாகவும் அத்தாழ்நிலமே பயன்பட்டது. ஆற்றின் காட்சி வீட்டு மனையின் விலையை உயர்த்தும் பொருளாக மாறிய காலத்திலேதான், கரையை நோக்கி வீடுகள் எவ்வளவு தூரம் நெருங்கலாம், எங்கே அவை நிறுத்தப்படல் வேண்டும், அவ்வாறு நிறுத்துவதால் ஏற்படும் இழப்பை யார் தாங்குவது என்னும் வினாக்கள் கூர்மையடைந்தன.

இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்றோர் வரலாற்றில் இங்கிலாந்தின் தேம்ஸ் பள்ளத்தாக்குக்குத் தனியிடமுண்டு. அங்கு நிகழ்ந்தவற்றை நாம் ஆராய்வதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று, அங்கு உருவான திட்டமிடற் சட்டமரபு குடியேற்ற ஆட்சியின் வழியாக இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. மற்றது, தேம்ஸ் பள்ளத்தாக்கின் பாதுகாப்புக்கு வழிகூறியோருள் ஒருவரே பின்னர் மகாவலிக் கரையிற் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் திட்டத்தையும் வகுத்தார். இவ்விரு கரைகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, கரையோரத்தில் எல்லைக்கோடு வரைவது பணியின் பாதியே என்பதும், அக்கோட்டினால் யார் எதை இழக்கின்றனர் என்பதற்கு விடைகூறுவதே மறுபாதி என்பதும் புலனாகும்.

றிச்மண்ட் குன்றின் காட்சி

இலண்டனுக்கு மேற்கே தேம்ஸ் வளைந்து செல்லுமிடத்தில் றிச்மண்ட் குன்று அமைந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் இக்குன்றின் அயலும் எதிர்க்கரையான ருவிக்கன்ஹாமும் பிரபுக்களும் கலைஞரும் விரும்பிய வாழிடங்களாயின. கவிஞர் அலெக்சாண்டர் போப் 1719 முதல் ருவிக்கன்ஹாமில் வாழ்ந்தார். இரண்டாம் ஜோர்ஜ் மன்னனின் காதற்கிழத்தியாயிருந்த ஹென்றியற்றா ஹவார்ட் சீமாட்டிக்கென 1720களில் மார்பிள் ஹில் மாளிகை எழுந்தது. குன்றிலிருந்து தோன்றும் காட்சியை ஓவியர் ரேணர் 1819இல் பெரியதோர் ஓவியமாகத் தீட்டினார்.

இக்காலத்தில் ஆற்றங்கரை வீடு ஆற்றின் அழகுக்குப் பகையாகக் கருதப்படவில்லை. வீடுகள் சிலவாகவும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்கள் பரந்தனவாகவும் இருந்தன. அழகைக் காத்து நின்றது சட்டமன்று; நிலம் ஒருசிலர் கையிற் குவிந்திருந்தமையே எனலாம். ஆகவே அப்பாதுகாப்பு உடைமையாளரின் விருப்பத்தையே சார்ந்திருந்தது. போப் வாழ்ந்த வீட்டைப் பின்வந்த உடைமையாளர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்துவிட்டபோது, அதனைத் தடுக்க எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

1846இல் றிச்மண்டுக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. தலைநகரிற் பணியாற்றும் நடுத்தர வகுப்பினர் இங்கு குடியேறலாயினர். பழைய தோட்டங்களை மனைகளாகப் பிரித்து விற்பது இலாபந்தரும் தொழிலாயிற்று. 1898இல் மார்பிள் ஹில் தோட்டத்தைக் கப்பற்றொழிலிற் பெயர்பெற்ற கியூனாட் குடும்பத்தார் வாங்கினர். வீட்டுமனைகளுக்காக அங்கே வீதிகளும் கழிவுநீர்க் கால்களும் அமைக்கும் வேலை 1901இல் தொடங்க, மரங்கள் வெட்டப்படுவதைக் குன்றிலிருந்தோர் கண்டனர். அதுவரை இயற்கையாகவே நிலைத்திருக்கும் என எண்ணப்பட்ட காட்சி, தனியார் சிலரின் நிலங்களால் ஆனது என்னும் உண்மை அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. எழுந்த எதிர்ப்பின் விளைவாக இலண்டன் மாவட்டச் சபை, அயலிலுள்ள உள்ளூராட்சி மன்றங்களினதும் தனியார் கொடையாளரினதும் உதவியுடன் அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கி, 1903இல் பொதுப் பூங்காவாகத் திறந்துவைத்தது.

இதே காலத்தில் நிறைவேறிய 1902ஆம் ஆண்டின் றிச்மண்ட், பீற்றர்ஷாம், ஹாம் திறந்தவெளிகள் சட்டம் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. ஒரு காட்சியைக் காப்பதற்கெனப் பாராளுமன்றம் சட்டமியற்றிய அரிய நிகழ்ச்சியாக அது போற்றப்படும். ஆயின் அச்சட்டத்தின் உள்ளடக்கம் ஒரு பரிமாற்றமே என்பதை மறத்தலாகாது. ஹாம் பகுதியின் வயல்களில், அறுவடை முடிந்தபின் ஊரவர் தம் கால்நடைகளை மேய்க்கும் உரிமை தொன்றுதொட்டு நிலவிவந்தது. நிலவுடைமையாளரான டைசார்ட் பிரபுவின் தரப்பினர் இவ்வுரிமையை நீக்குவதற்கு 1896இற் கொண்டுவந்த மசோதாவைப் பாராளுமன்றம் ஏற்கவில்லை. 1902இல், பீற்றர்ஷாம் புல்வெளியும் ஹாம் ஆற்றோர நிலமும் பொதுமன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டமைக்கு ஈடாக அம்மேய்ச்சலுரிமை முடிவுறுத்தப்பட்டது. காட்சி காப்பாற்றப்பட்டது, அதற்குரிய விலையின் ஒரு பகுதியைச் சிறு மேய்ப்பாளர் செலுத்தினர். உரிமை நீங்கிய வயல்களின் ஒரு பகுதியிற் பின்னர் சரளைக்கல் தோண்டப்பட்டது. 1960களில் அங்கு வீட்டுத் தொகுதிகளும் எழுந்தன. வரைந்த கோட்டுக்கு உள்ளே அழகும் வெளியே கட்டடமும் என அமைந்த இப்பாகுபாடு பிற்கால வரலாற்றுக்கும் முன்னோடியாயிற்று.

இழப்பீடு என்னும் முட்டுக்கட்டை

ஒரு குன்றின் காட்சியை நிலம் வாங்கிக் காக்கலாம். ஆறு முழுவதையும் அவ்வாறு வாங்குதல் இயலாது. முதலாம் உலகப் போரின் பின் மோட்டார் வண்டி பெருகவே, தேம்ஸ் கரைகளிலும் தீவுகளிலும் விடுமுறைக் குடில்கள் வரிசையாக எழுந்தன. அவற்றுட் பல மரப்பலகையாலும் தகரத்தாலும் ஆனவை. அவற்றைக் கட்டியோர் யாவரும் செல்வரல்லர். சிறு சேமிப்பைக்கொண்டு ஆற்றின் அருகே ஒரு துண்டு நிலத்தைப் பெற விரும்பிய நகரவாசிகளும் அவருள் இருந்தனர். இவ்விடத்தில் அழகைப் பேணுவோர் குரலிற் சற்று மேட்டிமையும் கலந்திருந்தது. பிரபுவின் மாளிகை காட்சிக்கு அணியெனவும் எழுதுவினைஞனின் குடில் காட்சிக்குக் களங்கமெனவும் கொள்ளப்பட்டன.

1926இல் நாட்டுப்புற இங்கிலாந்தின் பாதுகாப்புக்கான மன்றம் தோன்றியது. அதன் தோற்றத்துக்குக் காரணராயிருந்தவர் திட்டமிடல் அறிஞர் பற்றிக் அபர்குறொம்பி. மேயோ பிரபு, அட்சட் ஆகியோருடன் இணைந்து அவர் தயாரித்த தேம்ஸ் பள்ளத்தாக்கு அறிக்கை 1929இல் வெளியாயிற்று. கிறிக்லேட் முதல் ஸ்ரேன்ஸ் வரையான ஆற்றை ஒரே அலகாகக் கொண்டு, அதன் நிலையையும் எதிர்காலத்தையும் அவ்வறிக்கை ஆராய்ந்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட விதி இருப்பின் ஆறு காப்பாற்றப்படாது என்னும் எண்ணம் இம்முயற்சியின் அடித்தளமாகும்.

எண்ணம் சிறந்ததாயினும் கருவி போதவில்லை. 1932ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின்கீழ், வீடு கட்டுவதைத் தடுக்கும் மன்றம் பல சந்தர்ப்பங்களில் உடைமையாளருக்கு இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டிருந்தது. வருவாய் குன்றிய உள்ளூர் மன்றங்கள் அதற்கஞ்சிக் கோட்டை வரையாமலே விட்டன. 1947ஆம் ஆண்டுச் சட்டமே இம்முட்டுக்கட்டையை அகற்றியது. நிலத்தை அபிவிருத்தி செய்யும் உரிமை அச்சட்டத்தால் அரசுக்குரியதாயிற்று. அதுவரை உரிமைபெற்றிருந்தோர்க்கு ஈடாக 30 கோடி பவுண் கொண்ட நிதி ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தேம்ஸ் அந்நூற்றாண்டின் மிகப் பெரிய வெள்ளத்தைக் கண்டது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. காட்சிக்கெனத் திறந்தவெளியாக விடப்பட்ட ஆற்றோரப் புல்வெளிகளே வெள்ளம் பரந்து தணிவதற்கும் இடமளிப்பன. ஆகவே, அழகின்பொருட்டு வரையப்படும் கோடும் உயிர்ப் பாதுகாப்பின்பொருட்டு வரையப்படும் கோடும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

இலங்கைக்கு வந்த மரபு

இலங்கையிற் கட்டட ஒழுங்குக்கு 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் அடித்தளமிட்டது. 1921இற் பற்றிக் கெடிஸ் கொழும்பின் திட்டமிடல் குறித்து அறிக்கை சமர்ப்பித்தார். 1924இல் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், 1946இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் கட்டளைச்சட்டமும் வந்தன. 1947ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், நீரோடைகளின் பாதுகாப்புக்கென அரச காணியை ஒதுக்கீடாகப் பிரகடனஞ்செய்ய வழிவகுத்தது. எனவே நம் நாட்டிற் சட்டம் இல்லாமையன்று குறை. வெள்ளத்துக்கு ஒரு சட்டமும் கட்டடத்துக்கு ஒரு சட்டமும் அரச காணிக்கு ஒரு சட்டமுமாக, ஒரே கரை பல அதிகாரங்களுக்கிடையே பிளவுபட்டமையே குறை. ஆற்றை ஓரலகாகக் கொள்ளுதல் என்ற 1929ஆம் ஆண்டின் கருத்து இங்கு சட்டத்திற் கால்கொள்ளவில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அம்மரபின் சிறந்த கூறு உருப்பெற்றது. 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்துக்கான திட்டத்தை அபர்குறொம்பியும் கிளிபோர்ட் ஹொலிடேயும் வகுத்தனர். கட்டடங்களுக்கு ஷேர்லி த அல்விஸ் உருவங்கொடுத்தார். 1952 முதல் மாணவர் அங்கு குடிபுகுந்தனர். ஹந்தானை மலைச்சாரலுக்கும் மகாவலிக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில், கட்டடங்கள் சாய்வைத் தழுவி நிற்க, மரங்களும் திறந்தவெளிகளும் அவற்றிடையே பரந்துள்ளன. வீட்டையும் காட்சியையும் ஒன்றுக்கொன்று பகையாக்காத அமைப்புக்கு இது தக்க சான்று.

எனினும் இவ்வெற்றியின் காரணத்தை நாம் மயங்கிக் கொள்ளலாகாது. பேராதனையிற் கோடு வரைதல் இயன்றது, நிலம் முழுவதும் ஒரே கையில் இருந்தமையால். 18ஆம் நூற்றாண்டின் பிரபுவுக்கு இருந்த வசதி இங்கு அரசுக்கு வாய்த்தது. சிறு உடைமைகளும் குத்தகைகளும் உறுதியற்ற குடியிருப்புகளும் நிறைந்த கரைகளில் அவ்வசதி இல்லை.

கோட்டுக்கு வெளியே

களனி கங்கையின் கீழ்ப்பகுதியை நோக்குக. கொழும்பிலே தொழில்தேடி வந்த ஏழைகளுக்கு வாடகைக்குட்பட்ட நிலம் கிடைக்காதபோது, அணைக்கட்டின் ஓரமும் கால்வாய்க் கரையும் சதுப்பு நிலமுமே எஞ்சின. 1968இல் தாழ்நிலங்களை மீட்பதற்கெனக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. நீர் தங்கும் நிலம் வீண்நிலம் என்னும் எண்ணம் நெடுங்காலம் ஆட்சிசெய்தது. 2016 மே மாத வெள்ளத்திற் கொலன்னாவை முதலிய பகுதிகள் நீரில் மூழ்கியபோது அவ்வெண்ணத்தின் விலை தெரிந்தது. 2018இற் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றமை, கருத்துமாற்றம் ஏற்பட்டமைக்கு அடையாளமாகும்.

மலையகத்தின் நிலை இன்னும் துயர்மிக்கது. தோட்டத் தொழிலாளர் தம் வாழிடத்தைத் தாமே தேர்ந்தவரல்லர். தேயிலைக்குரிய நிலத்தைச் சிக்கனப்படுத்தி, நிருவாகம் காட்டிய இடத்தில் லயன்கள் எழுந்தன. அவ்விடம் ஓடைக்கரையாயினும் செங்குத்தான சரிவாயினும், தமக்கெனக் காணியில்லாத மக்களால் அதைவிட்டு அகல இயலவில்லை. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி தாக்கியபோது மகாவலியின் மேற்பள்ளத்தாக்கிற் கம்பளை, பேராதனை முதலிய இடங்களில் ஆறு கரைகடந்தது, மலைச்சரிவுகள் இடிந்தன, நாடளாவிய நிலையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆற்றோரத்திலும் சரிவிலும் குடியிருத்தல் கூடாதென்ற குரல் அதன்பின் வலுத்தது. அக்குரல் நியாயமானது. ஆனால் காணியற்றவரை நோக்கி அதனை எழுப்புவோர், அவர் செல்லவேண்டிய இடத்தையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர்.

முடிவுரை

றிச்மண்டில் 1902இல் மேய்ப்பாளர் உரிமையை இழந்தனர்; 1932இன் பின் இழப்பீட்டுக்கஞ்சி மன்றங்கள் வாளாவிருந்தன; 1947இல் கோடும் ஈடும் ஒருங்கே சட்டமாயின. இவ்வரிசை நமக்குக் காட்டும் நெறி தெளிவானது. ஆற்றுக்குரிய இடத்தை வீடு எழுமுன்னரே வரையறுப்பதே மலிவானதும் நீதியானதுமாகும். வீடு எழுந்த பின்னர் வரையும் ஒவ்வொரு கோடும் எவரோ ஒருவரின் சுவரை ஊடறுத்தே செல்லும். அவ்வாறு செல்லவேண்டி நேரின், ஆற்றங்கரை விடுதிக்கும் அணைக்கட்டோரக் குடிசைக்கும் ஒரே அளவுகோல் பயன்படல் வேண்டும். காணியற்றவரைப் பொறுத்தவரை, ஒதுக்கீட்டுப் பிரகடனத்துடன் தொழிலுக்கு அணித்தான பாதுகாப்பான காணியும் அதற்குரிய உறுதியும் கையளிக்கப்படல் வேண்டும். இவை பிரிந்து நிற்கும்வரை வரைபடத்திற் கோடு இருக்கும். கரையில் மக்கள் இருப்பர். அடுத்த பெருமழையில் ஆறு தனக்குரிய நிலத்தை அவர்களிடமிருந்தே கேட்டுப்பெறும்.