காவலருக்கும் ஒரு காவல்

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது போலீசாரின் கடமை. அப்போலீசாரே குற்றம் புரிந்தால் கண்டுபிடிப்பவர் யார்? சிங்கப்பூரில் வேலியே பயிரை மேய்ந்த ஒரு நிகழ்ச்சி, இவ்வினாவிற்கு விடை காணும்படி அரசாங்கத்தை நெருக்கியது.

இலஞ்சத்தைத் தடுக்க 1937ஆம் ஆண்டிலேயே இங்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு, போலீஸ் துறையின் குற்றப் புலனாய்வு இலாகாவைச் சேர்ந்த ஒரு சிறு கிளையிடமே இருந்தது. போலீசார் மீது எழும் புகாரையும் போலீசாரே விசாரிக்க வேண்டிய நிலை!

1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 இறாத்தல் அபின் கொள்ளை போயிற்று. அதன் மதிப்பு ஏறத்தாழ 4 இலட்சம் வெள்ளி. கொள்ளையரோடு போலீஸ் துப்பறிவாளர் மூவரும் சேர்ந்திருந்தனர் என்பது தெரிய வந்தது. போலீஸ் துறைக்குப் புறம்பான ஓர் அமைப்பு வேண்டும் என்பதைக் குடியேற்ற அரசாங்கம் அப்போதுதான் உணர்ந்தது. 1952இல் இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு தோன்றியது. தொடக்கத்தில் அதன் அலுவலர்கள் 13 பேரே.

அமைப்புத் தனியாயிற்று, ஆனால் அதன் கையிலிருந்த சட்டமோ வலுவற்றது. இலஞ்சம் இருவருக்குள் மறைவாக நடப்பது. கொடுத்தவனும் சொல்லான், வாங்கியவனும் சொல்லான். இத்தடையை 1960ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் பெரிதும் நீக்கியது. கைது செய்யவும், சோதனையிடவும், வங்கிக் கணக்குகளை ஆராயவும் அது வழிவகுத்தது. அரசாங்கத்தோடு தொடர்புடையவரிடமிருந்து அரசு ஊழியர் வெகுமதி பெற்றது மெய்ப்பிக்கப்பட்டால், அஃது இலஞ்சமன்று என்று காட்டும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். வருவாய்க்கு மிஞ்சிய சொத்துக்குத் தக்க விளக்கம் இல்லையெனில், அதனையும் நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம்.

இவ்வதிகாரம் எளியவரை மட்டும் தீண்டி வலியவரை விட்டுவிடுமா? 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் விசாரிக்கப்பட்டார். வழக்கு நீதிமன்றம் ஏறுமுன் அவர் இறந்தார். 2024இல் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் 12 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இன்னும் ஒரு வினா எஞ்சுகிறது. இப்பிரிவு பிரதமர் அலுவலகத்தைச் சார்ந்தது. பிரதமரே விசாரணைக்கு இசையாவிட்டால் என் செய்வது? 1991ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் இதற்கு விடை கூறுகிறது. பிரதமர் மறுத்தாலும், அதிபர் இசைந்தால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம்.

காவலருக்கு ஒரு காவல் வேண்டுமென 1951 கற்பித்தது. அக்காவலுக்கும் தடை நேரலாம் என்றெண்ணி 1991 வேறொரு கதவைத் திறந்து வைத்தது. மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பியிராத இம்முன்னெச்சரிக்கையே அவ்வரலாறு தரும் பாடம்.