இணையச் சந்தா நூலகத்தில் பழைய அமெரிக்கக் காமிக்ஸ்: வரலாற்றுச் சான்றாகக் கொள்வதன் எல்லைகள்

முன்னுரை

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2007 நவம்பரில் தன் பழைய காமிக்ஸ் இதழ்களைச் சந்தா முறையில் இணையத்தில் படிக்கத் தந்தது. 2013 முதல் 'மார்வெல் அன்லிமிடெட்' என வழங்கும் இந்நூலகம், சேகரிப்பாளரிடம் முடங்கிக் கிடந்த 1960களின் இதழ்களை ஆய்வாளர் எங்கிருந்தும் வரிசையாகப் படிக்க வழிசெய்தது. எனினும், திரையில் காணும் பிரதியும் அன்று அச்சான இதழும் ஒன்றேயா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வண்ணம், உள்ளடக்கம், உரிமம் ஆகிய மூன்றன் வழியே இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

வண்ணம்

அக்கால இதழ்கள் மலிவான செய்தித்தாள் தாளில், நான்கு மைகளின் புள்ளிகளால் அச்சிடப்பட்டவை. பழைய இதழ்களைப் பிற்காலத்தில் வழவழப்பான தாளில் மறுபதிப்புச் செய்தபோது அவற்றுக்குப் புதிதாக வண்ணம் தீட்டினர். இணையத்தில் காண்பவற்றுள் பல அம்மறுபதிப்புகளைச் சார்ந்தவை.

இவ்வேறுபாடு அழகியல் அளவில் மட்டும் நிற்பதன்று. 1962 மே மாதத் தேதியிட்ட 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' முதல் இதழில் நாயகன் சாம்பல் நிறத்தவன். அச்சில் அந்நிறம் சீராக அமையாததால் இரண்டாம் இதழில் பச்சையாக்கப்பட்டான். பின்வந்த சில மறுபதிப்புகள் முதல் இதழிலும் அவனைப் பச்சையாகவே காட்டின. அவற்றை மட்டும் கண்டவருக்கு அச்சுத் தொழில்நுட்பம் பாத்திரப் படைப்பை மாற்றிய வரலாறே புலப்படாது.

விடுபட்ட பக்கங்கள்

சந்தா நூலகத்தில் பெரும்பாலான பழைய இதழ்களுக்கு அட்டையும் கதைப்பக்கங்களுமே கிடைக்கின்றன. விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் இடம்பெறுவது அரிது. ஆனால், சமூக வரலாற்றுக்குரிய தரவு மிகுந்திருப்பது அப்பக்கங்களில்தான். 1960களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியோரின் முழு முகவரியும் அச்சிடப்பட்டதால் வாசகர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பு கொண்டனர். அத்தொடர்புகள் ரசிகர் இதழ்களின் வளர்ச்சிக்குத் துணைநின்றன. அவ்வாறு கடிதம் எழுதிவந்த வாசகருள் ஒருவரான ராய் தாமஸ் 1965இல் மார்வெலில் சேர்ந்து, 1972இல் அதன் தலைமைப் பதிப்பாசிரியரானார். அஞ்சல் விதிப்படி ஆண்டுதோறும் வெளியிடப்பட்ட உரிமையாளர் அறிக்கையும் இத்தகைய பக்கங்களிலேயே அச்சானது. சராசரி விற்பனை எண்ணிக்கை அதில் இருந்ததால், கதைப்பக்கங்களை மட்டும் காணும் ஆய்வாளர் அவ்விதழின் விற்பனையை மதிப்பிடும் சான்றை இழக்கிறார்.

உரிமம்

நூலகத்தில் எது கிடைக்கும் என்பதை இலக்கிய மதிப்போ வரலாற்றுத் தேவையோ தீர்மானிப்பதில்லை. பொம்மை ஒன்றை அடிப்படையாகக் கொண்ட 'ராம்' தொடரை மார்வெல் 1979 முதல் 1986 வரை 75 இதழ்கள் வெளியிட்டது. உரிமச் சிக்கலால் அதன் தொகுப்பு 2024இல்தான் வெளிவந்தது. 1977இல் மார்வெல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' காமிக்ஸின் உரிமம் பின்னர் டார்க் ஹார்ஸ் நிறுவனத்திடம் சென்று 2015இல் திரும்பியது. இடைக்காலத்தில் மார்வெலின் பழைய இதழ்களை மறுபதிப்புச் செய்ததும் டார்க் ஹார்ஸே. எனவே, பட்டியலில் ஒரு தொடர் இல்லாமையை அது வாசிக்கப்படாமைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

சேவை நின்றால் பிரதியும் மறையும் என்பதற்கு ஜப்பானியக் காமிக்ஸ் தளமான 'ஜேமாங்கா' சான்று. 2013இல் அது மூடப்பட்டபோது, வாசகர்கள் பணம் செலுத்திப் பெற்றவற்றையும் படிக்க இயலாமற்போயிற்று.

முடிவுரை

சந்தா நூலகம் நீண்ட தொடர்களின் கதைப்போக்கை ஆராய்வோர்க்குப் பெருந்துணை. அச்சு, விற்பனை, வாசகர் ஆகியவற்றின் வரலாற்றுக்கு அது மூலச்சான்று ஆகாது. பிற்காலப் பதிப்பு மட்டுமே. ஆதலின் அதிலிருந்து மேற்கோள் காட்டுவோர் இணையப் பதிப்பு என்பதையும் பார்த்த நாளையும் குறிப்பிடுதல் வேண்டும். வண்ணத்தையோ வாசகரையோ பற்றி முடிவுரைக்குமுன், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகம் போன்ற காப்பகங்களிலுள்ள அச்சிதழோடு ஒப்பிடுதல் இன்றியமையாதது. ஓலைச்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கிப் பழகிய தமிழாய்வாளர்க்கு இந்நெறி புதியதன்று.