கிரானைட் தரை ஆபத்தா? வீட்டுக்குள் சேரும் ரேடான் வாயு... கண்டறிவது, குறைப்பது எப்படி?

மார்கழி வந்துட்டா, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில ஜன்னல், கதவையெல்லாம் அடைச்சுட்டு, கம்பளியைப் போர்த்திக்கிட்டுத் தூங்குறதுதான் வழக்கம். அப்படி அடைச்ச அறையில, தரைக்குக் கீழே இருந்து ஒரு வாயு வந்து சேரலாம். நிறமில்லை, வாசனை இல்லை. அதன் பெயர் ரேடான்.

எங்கிருந்து வருது?

மண்ணிலும் பாறையிலும் இயற்கையாவே கொஞ்சம் யுரேனியம் இருக்கும். அது படிப்படியாகச் சிதையும்போது உருவாகும் கதிரியக்க வாயுதான் ரேடான். திறந்த வெளியில் காற்றோடு கலந்துடும். தரை விரிசல், பைப் நுழையும் இடைவெளி வழியா வீட்டுக்குள்ள வந்தா, அங்கேயே தங்கிடும்.

1984-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அணுமின் நிலைய இன்ஜினீயர் ஸ்டான்லி வாட்ரஸ் கதிர்வீச்சு சோதனைக் கருவியைக் கடந்தபோது அலாரம் அடித்தது. அந்த நிலையம் அப்போது மின் உற்பத்தியே தொடங்கவில்லை. கடைசியில் பார்த்தால், காரணம் அவர் வீட்டில் இருந்த ரேடான்!

நுரையீரல் புற்றுநோய்க்கு, புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகைபிடிக்காதவர்களைவிட, புகைபிடிப்பவர்களுக்கு ரேடானால் வரும் ஆபத்து சுமார் 25 மடங்கு அதிகம்.

கிரானைட்டைப் பெயர்க்கணுமா?

வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் இல்லாத வீடு குறைவு. ஆனா, சமையல் மேடையில் இருந்து வரும் ரேடான் பொதுவா மிகக் குறைவு. முக்கிய வழி, தரைக்கடியில் இருக்கும் மண்தான். அதனால கவனிக்க வேண்டியது தரைத்தள வீடுகளை. அதே நேரம், பாறைப் பகுதி என்பதாலேயே ரேடான் அதிகம்னு முடிவுகட்டவும் முடியாது. பக்கத்துப் பக்கத்து வீட்டிலேயே அளவு மாறும். அளந்தால்தான் தெரியும்.

எப்படி அளப்பது?

* டிஜிட்டல் ரேடான் மானிட்டர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன.
* தரைத்தளப் படுக்கையறையில், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் வையுங்கள். ஜன்னல், சமையலறை, குளியலறை பக்கம் வேண்டாம்.
* அளவு தினமும் மாறும். அதனால மூன்று மாதங்களுக்கு மேலான சராசரியைப் பாருங்கள்.
* ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் இருப்பது நல்லது. 300-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

குறைக்க என்ன வழி?

* எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஸ்பிளிட் ஏ.சி உள்காற்றையேதான் சுற்றவிடும்.
* விரிசல், பைப் இடைவெளிகளை அடையுங்கள். ஆனா, இது மட்டும் போதாது.
* அளவு அதிகமா இருந்தா, தரைக்கடியில் பைப் இறக்கி, ஃபேன் மூலம் வாயுவை உறிஞ்சி மொட்டை மாடிக்கு மேல் வெளியேற்றணும்.
* போர்வெல் தண்ணீரிலும் ரேடான் கரைந்திருக்கலாம். குளிக்கும்போது அது காற்றில் கலக்கும். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம்.

புது வீடு கட்டுறீங்களா?

தரை கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே மேஸ்திரிகிட்ட சொல்லிடுங்க. பேஸ்மட்டத்தில் நாலு இஞ்ச் ஜல்லி, அதற்குள் ஒரு பி.வி.சி பைப், மேலே கனமான பிளாஸ்டிக் ஷீட். அந்த பைப்பை மாடிக்கு மேல் கொண்டு போயிடலாம். கட்டின பிறகு தரையை உடைக்கிறதைவிட, இதுக்கு ஆகுற செலவு ரொம்பக் குறைவு.

அதுவரை, குளிரா இருந்தாலும் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்க. வீட்டுக்குள்ள பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்!