முன்சீட்டில் மூன்று பேர்

அம்பாசடர் காரின் முன்சீட்டில் எத்தனை பேர் உட்காரலாம்? ஆர்.சி. புத்தகம் ஒரு கணக்கு சொல்லும். கல்யாண வீட்டுக்காரர் வேறு கணக்கு சொல்வார். டாக்சிக்காரரைக் கேட்டால், "ஏறுங்க சார், பார்த்துக்கலாம்" என்பார். டிரைவர் பாதி உடம்பைக் கதவோடு ஒட்டிக்கொண்டு, வலது முழங்கையை வெளியே நீட்டியபடி ஓட்ட, அவருக்கு இடப்பக்கம் மூன்று பேர் அமர்ந்து கடலூர் வரை போன காலம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நண்பர் ஒருவர் 1978-ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். அதன் நீளமான முன்சீட்டை எடுத்துவிட்டு, பிற்கால அம்பாசடரில் வந்த தனித்தனி சீட்டுகளைப் போடலாமா என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லப் போய், அந்த நீள சீட்டின் கதையையே எழுதினால் என்ன என்று தோன்றியது.

பிரெஞ்சில் நீள இருக்கைக்கு 'பாங்கெத்' என்று பெயர். நம் ஊர்த் திண்ணை மாதிரி. இத்தனை பேருக்கு என்று அதில் எல்லை போட்டிருக்காது. தனி சீட்டை ஆங்கிலத்தில் 'பக்கெட்' என்றும் பிரெஞ்சில் 'பாக்கே' என்றும் சொல்வார்கள். இரண்டுமே வாளி, தொட்டி என்ற பொருளில் வருபவை. உட்காருபவரைச் சுற்றி விளிம்பு எழும்பி நிற்கும். ஒரு வாளியில் ஒருவர்தான்.

காரின் முன்பக்கம் திண்ணையாக இருப்பதா வாளியாக இருப்பதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது கியர் கம்பிதான். அது தரையிலிருந்து முளைத்து நின்றால் நடுவில் ஒருவர் கால் வைக்க முடியாது. 1930-களின் கடைசியில் அமெரிக்கக் கம்பெனிகள் கியர் கம்பியைத் தரையிலிருந்து பிடுங்கி ஸ்டீயரிங் தண்டில் மாட்டின. உடனே நடுவில் ஓர் ஆளுக்கு இடம் கிடைத்தது. போருக்குப் பிறகு இங்கிலாந்தும் அந்த வழியில் போயிற்று. மாரிஸ் ஆக்ஸ்போர்டு அப்படி வந்த கார்களில் ஒன்று. அதன் மூன்றாம் வரிசை மாடலின் அச்சைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் வைத்து, 1957-58 வாக்கில் அம்பாசடர் என்று பெயர் சூட்டி வெளியிட்டது. ஸ்டீயரிங்கில் கியர், முன்னால் திண்ணை என்ற ஏற்பாடு அப்படியே நம்மிடம் வந்து சேர்ந்தது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இன்னொரு கார் படத்தில் பழக்கம். சித்ரோவென் கம்பெனியின் 'தெ ஷெவோ', 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்தது. அதில் கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், தரை சமதளம். குழாய்ச் சட்டத்தில் ரப்பர் பட்டைகளைக் கட்டி, மேலே துணி விரித்தால் அதுதான் சீட். வேண்டியபோது கழற்றி வெளியே எடுத்து மரத்தடியில் போட்டு உட்காரலாம். சீட்டை வீட்டுச் சாமான் மாதிரி நினைத்த காலத்தின் கார் அது. அழகான யோசனைதான். ஆனால் அந்த நினைப்பில் உள்ள ஆபத்துக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே அம்பாசடர் பெரும்பாலும் பின்சீட்டில் உட்காருபவரின் காராகவே இருந்தது. என் பணிக்காலத்தில் நான்கு வருடம் அலுவலக வாகனங்களின் லாக் புக் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அதிகாரி பின்னால் இடப்பக்கம். முன்னால் டிரைவர், பியூன், கோப்பு மூட்டையோடு ஒரு எழுத்தர். யாரும் எழுதி வைக்காத விதி இது. தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் வைத்து ரெக்சின் போர்த்திய முன்சீட்டில் குழி விழுந்தால் அதைச் சரி செய்ய எஸ்டிமேட் போட்டு ஒப்புதல் வாங்குவதற்குள் நிதியாண்டு முடிந்துவிடும். பின்சீட்டுக்கோ வெள்ளைத் துவாலை வாராவாரம் மாறும். முன்சீட்டு வசதியைப் பற்றி முப்பது வருடம் யாரும் பெரிதாகக் கவலைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்த நீள சீட்டுக்கு ஒரு குறும்பு உண்டு. முழுசும் ஒரே துண்டாகத்தான் முன்னே பின்னே நகரும். உயரமான டிரைவர் கால் நீட்டப் பின்னால் தள்ளினால், பக்கத்தில் இருப்பவரும் கூடவே போக வேண்டும். குட்டையான டிரைவர் முன்னால் இழுத்தால், பக்கத்து ஆளின் முட்டி டாஷ்போர்டில் இடிக்கும்.

தனி சீட் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் 1960-களிலேயே தரையில் கியர், முன்னால் இரண்டு தனி சீட். ஆனால் ஊர் ரசனையை மாற்றியது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. காரை வாங்கியவரே ஓட்டினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். முன்சீட் முதலாளியின் சீட்டானது. அடுத்த ஆண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே கான்டெசாவை தனி சீட்டோடு கொண்டுவந்தது. கடைசியில் 1992-இல் இசுசு எஞ்சினோடு 'அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.' வந்தது. ஐந்து கியர், கம்பி தரையில், விரும்பினால் முன்னால் தனி சீட், அத்தோடு சீட் பெல்ட். நண்பர் ஆசைப்படும் சீட் இந்த வம்சத்தைச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் பழைய அம்பாசடர்காரர்களுக்கு ஆசை பிறந்தது. அலுவலகத்தில் கண்டம் செய்து ஏலம் விட்ட வண்டிகளை எடுத்தவர்கள் முதலில் கை வைத்தது முன்சீட்டில்தான். சென்னை புதுப்பேட்டைக்குப் போனால் உடைத்த கார்களின் சீட்டுகள் ஜோடி ஜோடியாகக் கிடைக்கும். பழைய சீட்டைக் கழற்றுவது அரைமணி வேலை. புதுசைப் போடுவதில்தான் வித்தை இருக்கிறது. நீள சீட்டைத் தாங்கும் ரெயில் இரண்டு ஓரங்களில் இருக்கும். தனி சீட்டுக்கு ஆளுக்கு இரண்டு ரெயில், நான்கு போல்ட். உள்பக்க ரெயில் வந்து உட்காரும் இடம் நடுமேட்டுக்குப் பக்கத்துத் தகடு. அங்கே ஒரு சீட்டின் பாரம் விழும் என்று பழைய காரை வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கவில்லை.

விவரமான மெக்கானிக் ஆங்கிள் இரும்பில் ஒரு சட்டம் செய்து, பழைய போல்ட் இடங்களிலேயே அதை முடுக்கி, அதன் மேல் சீட்டுகளைப் பொருத்துவார். ஆனால் சட்டத்தின் உயரம் கூடிவிட்டால் தலை கூரையைத் தொடும். அந்தப் பெரிய ஸ்டீயரிங் தொடையில் உரசும். உயரத்தைக் குறைக்கச் சட்டத்தை மெலிதாக்கினால் பலம் குறையும். இந்த இழுபறியில்தான் பலர் கோட்டை விட்டார்கள்.

விழுப்புரம் பக்கம் ஓட்டிய டாக்சிக்காரர் ஒருவரை அறிவேன். ரீப்பர் கட்டைகளைத் தரையில் வைத்து, அதன் மேல் சீட்டை ஸ்குரூ போட்டு முடித்திருந்தார். பார்க்க ஜோராக இருந்தது. வெல்வெட் உறை, தலைக்குத் தலையணை எல்லாம் உண்டு. ஒருநாள் குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக் போட்டபோது, பின்னால் இருந்தவரின் எடையும் சேர்ந்து மோத, இடப்பக்க சீட் கட்டையோடு பெயர்ந்து முன்னால் கவிழ்ந்தது. அதில் இருந்த பெரியவருக்குக் காறை எலும்பு முறிந்தது. எதன் மீதும் மோதாமலே, வெறும் பிரேக்கில் நடந்தது இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முகப்பு அறுபது சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் எல்லாப் பொருளும் தன் எடையைப் போல் ஏறக்குறைய பதினாறு மடங்கு விசையோடு முன்னே பாயும். 15 கிலோ சீட் 240 கிலோவாகத் தன் போல்ட்டை இழுக்கும். 60 கிலோ ஆளைப் பெல்ட் பிடித்து நிறுத்த வேண்டுமானால் ஏறக்குறைய ஒரு டன் விசையைத் தாங்க வேண்டும். அந்தப் பெல்ட்டின் ஒரு முனை கதவுத்தூணிலும், மற்ற இரண்டும் தரையை ஒட்டியும் நிற்கின்றன. வெறும் தகட்டில் ஓட்டை போட்டு வாஷர் வைத்து முடுக்கினால், போல்ட் உடையாது. தகடு கிழிந்துகொண்டு போல்ட்டே வெளியே வரும். அடியில் கனமான இரும்புத் தட்டு கொடுத்து முடுக்கினால்தான் விசை பரவும். எனவே நண்பருக்கு என் முதல் பதில்: சீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், தரையைப் பற்றிக் கேளுங்கள். நாற்பது வருடத்து அம்பாசடரில் கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும்.

புது சீட்டில் நன்மை இல்லையென்று சொல்லவில்லை. நீள சீட்டின் முதுகு தோளோடு நின்றுவிடும். பின்னாலிருந்து லாரி இடித்தால் தலை பின்னுக்கு மடங்கிக் கழுத்து போய்விடும். அமெரிக்காவில் 1969-இலிருந்து புதிய கார்களின் முன்சீட்டுக்குத் தலைத்தாங்கி கட்டாயம். மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்தார். பிரான்சில் 1973 ஜூலை முதல் ஊருக்கு வெளியே முன்சீட்டுக்காரர்கள் பெல்ட் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். நம் நாட்டில் 1994-இலிருந்துதான் புதிய கார்களின் முன்சீட்டுக்குப் பெல்ட் வைத்து விற்க வேண்டும் என்ற நிலை வந்தது. அப்படி வந்தபோது திண்ணையின் நடு ஆள் காணாமல் போனார். மூன்று முனைப் பெல்ட்டின் மேல் முனையை அவருக்கு எந்தத் தூணில் மாட்டுவது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பழைய எழுத்தர் அல்லவா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உறையை மாற்றுவது ஒரு விஷயமில்லை. இருக்கைகளின் எண்ணிக்கை சான்றில் எழுதப்பட்ட விவரம். ஆறு பேர் என்று சான்று சொல்லும் வண்டியில் ஐந்து சீட் இருந்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் எண்ணிப் பார்ப்பது அதைத்தான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பாங்கெத் எங்கும் மறைந்துவிட்டது. அமெரிக்காவில் முன்பக்கம் நீள சீட்டோடு கிடைத்த கடைசிக் கார் 2013 மாடல் செவர்லே இம்பாலா. உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பேழோ கம்பெனி.

கழற்றிய நீள சீட்டுகள் வீணாகவில்லை. எங்கள் பக்கத்து மெக்கானிக் ஷெட் வாசலில் ஒன்று செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரெக்சின் கிழிந்து நார் தெரிகிறது. வண்டி ரிப்பேருக்கு விட்டவர்கள் அதில் அமர்ந்து டீ குடிக்கிறார்கள். நேற்று எண்ணினேன், நான்கு பேர்.