இரண்டாம் வகை நீரிழிவில் அழற்சிக் குறிப்பான்கள்

இரண்டாம் வகை நீரிழிவில் அழற்சிக் குறிப்பான்கள் என்பவை, இந்நோய் உள்ளோரின் குருதியிலும், இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்தோரின் குருதியிலும் உயர்ந்து காணப்படும் பொருட்கள் ஆகும். சி-எதிர்வினைப் புரதம், இன்டர்லியூக்கின்-6, கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா, வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

தோன்றும் விதம்

காயத்தாலோ தொற்றாலோ உண்டாகும் அழற்சி பொதுவாகச் சில நாட்களில் தணிந்துவிடும். உடற்பருமன் உள்ளோரின் கொழுப்பிழையத்தில் உண்டாகும் அழற்சி மெலிதாக, நெடுங்காலம் நீடிக்கும். அங்கு பெருவிழுங்கிகள் எனப்படும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் திரள்கின்றன. இவை சுரக்கும் கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா, இன்சுலினின் செயற்பாட்டைக் குலைக்கிறது. இன்டர்லியூக்கின்-6 கல்லீரலைத் தூண்ட, அது சி-எதிர்வினைப் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது.

வரலாறு

சி-எதிர்வினைப் புரதத்தை 1930 இல் வில்லியம் டில்லெட், தாமசு பிரான்சிசு ஆகியோர் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டறிந்தனர். பருத்த எலிகளின் கொழுப்பிழையத்தில் கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா மிகுந்திருப்பதும், அதற்கு இன்சுலின் எதிர்ப்பில் பங்கு இருப்பதும் 1993 இல் வெளியிடப்பட்டன. சி-எதிர்வினைப் புரதமும் இன்டர்லியூக்கின்-6 உம் உயர்ந்திருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு கூடுதலாக ஏற்பட்டதை 2001 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

அளவீடு

நுண்ணுணர்வுச் சோதனையில் சி-எதிர்வினைப் புரதம் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாயின் இடர் குறைவு என்றும், 1 முதல் 3 வரை நடுத்தரம் என்றும், 3 க்கு மேல் மிகுதி என்றும் கொள்வர். இவ்வெல்லைகள் இதய நோய்க்காக வகுக்கப்பட்டவை, நீரிழிவுக்கானவை அல்ல. அளவு 10 ஐத் தாண்டினால் தொற்று போன்ற வேறு காரணம் இருக்கக்கூடும்; எனவே சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்கப்படும்.

காரணமா, அடையாளமா?

மரபணு வேறுபாட்டால் சி-எதிர்வினைப் புரதம் வாழ்நாள் முழுதும் உயர்ந்திருப்போரிடம் நீரிழிவு அதற்கேற்ப மிகுந்து காணப்படவில்லை. கானகினுமாப் என்னும் மருந்து இப்புரதத்தின் அளவைக் குறைத்து, மாரடைப்பு உள்ளிட்ட இதயக்குழலிய நிகழ்வுகளையும் குறைத்தது என 2017 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் அதே ஆய்வில் புதிதாக நீரிழிவு தோன்றுவது குறையவில்லை. ஆகவே இப்புரதம் நோயின் காரணியாக அல்லாமல், அடையாளமாகவே கருதப்படுகிறது.

நோயறிதலில் பயன்பாடு

அழற்சிக் குறிப்பான்களைக் கொண்டு நீரிழிவை உறுதிசெய்ய இயலாது. வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், அல்லது எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதே அளவுகோல். உடல் எடை குறையும்போது சி-எதிர்வினைப் புரதமும் பொதுவாகக் குறைகிறது.

இவற்றையும் பார்க்கவும்

நீரிழிவு நோய்
இன்சுலின் எதிர்ப்பு
உடற்பருமன்