விளிம்பில் பெயரில்லாத பதக்கம்

இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் கடற்படை விமானி ஒருவரின் பதக்கங்களை எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் அவை யாருடையவை என்று தெரியாது. விளிம்பில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. முதல் உலகப் போரின் பதக்கங்களில் வீரரின் பெயரைப் பொறித்துக் கொடுத்த பிரிட்டன், அடுத்த போரின் நட்சத்திரப் பதக்கங்களை வெறுமையாகவே விட்டது. இந்தியப் படையினருக்கு மட்டும் பெரும்பாலும் பொறித்தே வழங்கினார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒருவரின் பதக்கம் வைகை அணைப் பக்கத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தால், விளிம்பிலிருக்கும் எண்ணே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டிஷ் விமானியின் விஷயத்தில் அந்த வேலையைக் காகிதம்தான் செய்ய வேண்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து, சிறிய அட்டைப் பெட்டியில் தபாலில் இந்தப் பதக்கங்கள் வந்தன. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு சீட்டு. 1939–45 நட்சத்திரம் ஆறு முனை கொண்ட வெண்கலம்; நாடாவில் கருநீலம், சிவப்பு, இளநீலம் என முப்படைகளுக்கும் ஒவ்வொரு பட்டை. அதைப் பெறக் குறித்த காலம் பணியாற்றியிருக்க வேண்டும். பணியில் உயிர்விட்டவருக்கு அந்தக் கணக்கு கிடையாது. பர்மா நட்சத்திரம் பர்மா மண்ணை மிதிக்காமல் வங்காள விரிகுடாவில் பணியாற்றிய கடற்படையினருக்கும் உண்டு. ஆக, ஒரு விமானிக்கும் கப்பலின் கொதிகலன் அறையில் வெந்தவருக்கும் ஒரே பதக்கங்கள் வந்திருக்கலாம்.

வேறுபாட்டைச் சொல்வது பறப்புப் பதிவேடு. தேதி, விமான வகை, விமான எண், உடன் பறந்தவர், பறந்த காரணம், நேரம் என்று கட்டம் கட்டமாக மையில் எழுதப்பட்ட தடித்த நோட்டு அது. மாதக் கடைசியில் மணிக்கணக்கைக் கூட்டி, படைப்பிரிவின் தலைவர் கையெழுத்திடுவார். இறந்தவரின் பதிவேட்டில் கடைசி வரி மட்டும் இன்னொருவர் கையெழுத்தில் இருந்தால் வியப்பில்லை. திரும்பி வராத பறப்பை அவரே எழுத முடியாதல்லவா? அதோடு வீட்டுக்கு வந்த தந்தி, படைப்பிரிவுத் தலைவரின் இரங்கல் கடிதம். கப்பலில் இறந்தவரின் துணிமணிகளைத் தோழர்களே ஏலம் எடுத்து, அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்புவதும் பழைய கடற்படை வழக்கம். பாதி விலை பெறாத சட்டைக்கு வேண்டுமென்றே அதிக விலை கேட்பார்கள்.

பதிவேடு ஏன் முக்கியம் என்பதற்குத் தமிழ் வாசகருக்குப் பக்கத்தில் நடந்த உதாரணம் இலங்கைதான். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. திருகோணமலையை அடுத்த சைனா பேயிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு டார்பிடோக்களுடன் பறந்துவந்த 788ஆம் படைப்பிரிவின் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள், நகரைத் தாக்க வந்த ஜப்பானிய ஜீரோ போர் விமானங்களிடம் நேராக மாட்டிக்கொண்டன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள். வேகம் மிகக் குறைந்தவை. ஆறும் வீழ்த்தப்பட்டன.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, மட்டக்களப்புக் கடலில் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் மூழ்கியது, 307 பேர் இறந்தனர். விமானந்தாங்கிக் கப்பலான அதில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அதன் 814ஆம் படைப்பிரிவு சைனா பேயில் கரையில் இருந்தது. ஹெர்மீஸ் விமானி ஒருவர் அன்று எங்கே இருந்தார் என்பதைப் பதக்கம் சொல்லாது, பதிவேடு சொல்லும்.

போர்க்காலத்தில் தமிழகத்திலும் பிரிட்டிஷ் கடற்படை விமானத் தளங்கள் வந்தன. பறவைப் பெயர் சூட்டும் தங்கள் மரபுப்படி தாம்பரத்துக்கு வல்லூறு, சூலூருக்கு வைரி, கோவைக்கு கருடா என்று பெயர் வைத்தார்கள். இந்தியக் கடற்படையும் அந்த மரபை விடவில்லை: அரக்கோணத்தில் ராஜாளி, வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகே உச்சிப்புளியில் 2009 முதல் பருந்து.

தென்னிந்தியாவின் பல ஊர்க் கல்லறைகளில் கிடந்த போர்க்கால உடல்களை எடுத்துவந்து அடக்கம் செய்வதற்கென்றே சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் போர்க் கல்லறை அமைந்தது. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லை. அப்படிப் போன 1,900க்கும் மேற்பட்ட கடற்படை விமானப் பிரிவினரின் பெயர்கள், இங்கிலாந்தின் லீ-ஆன்-சோலன்ட் கடற்கரையில் 1953இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.